ஒரு கோடு குறைந்த எழுத்து

9-6-2024, ஞாயிறு

துணி ஊறிக்கொண்டிருக்கிறது. அதுவரை எழுதலாம்.

செம்பியநத்தத்திலிருந்து குருநாதன் ஐயா போன் செய்தார். தீப்பாஞ்சம்மன் கல்லை இருக்கிற இடத்திலிருந்து எடுத்து, புதிதாகக் கட்டியிருக்கும் மேடையில் நிறுத்தப் போகிறார்களாம். ஆடித் திருவிழாவுக்குள் முடிக்க வேண்டுமாம். "நீங்க இல்லாம கல்லைத் தொட மாட்டோம் மேடம். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துருங்க." பக்கத்தில் ஒரு கருங்கல் பலகையும் வருகிறது. கல்லில் உள்ளதை இன்றைய எழுத்தில் வெட்டி, கடைசி வரியாக 'படித்தவர்: முனைவர் மா. வெற்றிச்செல்வி' என்று போடுகிறார்கள். கல்தச்சரிடம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

பூலாம்பாடிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "கல்லுலயா? உன் பேரா? மழை பேஞ்சா அழியாதுல்ல?" வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்ட ஆண்டாயிக்குத் தன் மகள் பெயர் கருங்கல்லில் வருவது பெரிய சங்கதிதான். எனக்கும்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தக் கல்லை நான் படித்தது 2016-ல். ஆராய்ச்சிப் படிப்பு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம். செம்பியநத்தம் ஏரிக்கரையில், ஐயாவின் கொல்லை ஓரம், பாதி மண்ணுக்குள் நின்றது. ஒரு கையைத் தூக்கியிருக்கும் பெண் உருவம். அதன் கீழே இரண்டு வரி: 'சாத்தன் மணவாட்டி நங்கை எரி புக்கு'. அதற்கப்புறம் மண். தோண்டலாமா என்று கேட்டேன். எண்ணெய் வைத்துக் கும்பிடுகிற கல், அசைக்கக் கூடாது என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. மீதி என்னவாக இருக்கும் என்று ஊகித்து, சதுர அடைப்புக்குள் [மாண்டாள்] என்று போட்டுக் கட்டுரை எழுதினேன். புருஷன் செத்ததும் தீயில் இறங்கிய பெண் என்று. அது பேப்பரில் வந்தது. அடைப்புக்குறியை மட்டும் பேப்பர்காரர்கள் எடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து அந்தக் கல் தீப்பாஞ்சம்மன். ஐயா குடும்பத்துக்குக் குலதெய்வம். 2018 முதல் ஆடியில் தீமிதி.

முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, வாசலில் வைத்துப் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். கட்டுரை வந்த பிறகு போனபோது நடுக்கூடத்தில் நாற்காலி, எவர்சில்வர் டம்ளரில் காபி. அந்த டம்ளரை நான் மறக்கவில்லை. இதை எதற்கு இப்போது எழுதுகிறேன்? துணி ஊறியிருக்கும்.

16-6-2024, ஞாயிறு

கல்லை எடுத்தாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

இல்லை. ஒழுங்காக எழுது செல்வி.

பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கடப்பாரை போடாதீங்க, மண்வெட்டியால ஓரமா எடுங்க என்று தொண்டை கட்டும் வரை கத்தினேன். கயிறு கட்டிச் சாய்த்து வைக்கோல்மேல் கிடத்தினார்கள். அடிப்பாகம் முழுக்க ஈர மண். ஐயாவின் மருமகள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பிரஷ்ஷை நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எழுத்து வந்தது. இன்னும் இரண்டு வரி.

'மடை அடைத்துப் பட்டாள் இவள் மகனுக்கு உதிரப்பட்டி'

மறுபடி துடைத்தேன். மடைதான். பக்கத்தில் அடைத்து. சந்தேகமே இல்லாத எழுத்து, நேற்று வெட்டிய மாதிரி.

பட்டாள் என்றால் செத்தாள். உதிரப்பட்டி என்பது ஊருக்காக உயிரை விட்டவர் குடும்பத்துக்கு ஊர் எழுதிவைக்கும் நிலம். தீக்குள் இறங்குகிறவள் எந்த மடையை அடைப்பாள்?

"என்ன மேடம் போட்டிருக்கு?" ஐயா குனிந்து பார்த்தார்.

"மண்ணு சரியாப் போகலீங்க ஐயா. மைப்படி எடுத்துப் பாத்துதான் சொல்லணும்."

ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்தேன். அவசரமாக உரித்ததில் ஒரு படி கிழிந்தது. இரண்டாவது தெளிவாக வந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றார்கள். வயிறு சரியில்லை என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய்.

17-6-2024

எரி. ஏரி. எரி. ஏரி.

கல்லூரியில் மூன்றாவது பீரியடில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

19-6-2024, புதன்

முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே நான் சொல்வது இது: பழைய கல்வெட்டில் எ-வும் ஏ-வும் ஒரே எழுத்து. குறிலா நெடிலா என்று கல் சொல்லாது. இடம் பார்த்துப் படிக்க வேண்டும். வருஷா வருஷம் இதே 'எரி'யைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். நெருப்பா, குளமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுச் சிரிப்பேன்.

ஏரிக்கரையில் நின்றுகொண்டு நெருப்பு என்று படித்தவள் நான்.

'சாத்தன் மணவாட்டி நங்கை ஏரி புக்கு மடை அடைத்துப் பட்டாள்.' எவ்வளவு நேரான வாக்கியம். ஏரி மடை உடைந்திருக்கிறது, இறங்கி அடைத்திருக்கிறாள், செத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளை படித்தாலும் புரியும். உருவத்தின் காலடியில் நெளிநெளியாகக் கோடுகள் இருக்கின்றன. 'தீநாக்குகள்' என்று எழுதியிருக்கிறேன். தீநாக்கு எங்கேயாவது படுத்துக்கொண்டு போகுமா? அலை, முண்டமே, அலை.

பரண் மேலிருந்து 2016 களக் குறிப்பேட்டை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. பதினான்காம் பக்கம், என் கையெழுத்து: "தெற்குத் தெருவினர் இதை 'மடைக்காரி கல்' என்கின்றனர். பொருத்தமில்லை. பிற்கால வழக்காக இருக்கலாம்."

பொருத்தமில்லையாம். யார் சொன்னார்கள் என்று பெயரைக்கூட எழுதவில்லை. ஐயா வீட்டில் பேசிய ஆறு பேர் பெயரும் வயதும் அப்பா பெயரும் இருக்கிறது. தெற்குத் தெரு என்றால் 'தெற்குத் தெருவினர்'. நானே ஒரு தெற்குத் தெருவில் பிறந்தவள்.

23-6-2024, ஞாயிறு

வீட்டுக்காரர் மணிவண்ணனிடம் சொன்னேன். ஆலையில் இரண்டு ஷிப்ட் முடிந்து சிமெண்டுத் தூசியோடு வந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டுமே சாவுதானே செல்வி. தண்ணியில போனா என்ன, நெருப்புல போனா என்ன? ஆயிரம் வருஷம் ஆச்சு. இப்ப போயி ஊர்ல ஏன் கலாட்டா?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு வாரமாக நானும் இதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்? கும்பிடுகிறார்கள், கும்பிடட்டும். நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அதில் என் பெயரோடு ஒட்டியிருக்கும் ஒரே கண்டுபிடிப்பு அந்தக் கல். மாவட்டத்தில் தீப்பாய்ந்த நங்கை என்றால் வெற்றிச்செல்வி.

பேசாமல் இருந்துவிடலாம். அந்த இரண்டு வரியும் மேடைச் சிமெண்டுக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாது.

இதை எழுதியதும் மனசு லேசாக வேண்டும். ஆகவில்லை. எழுந்து எழுந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், கழுவின பாத்திரத்தையே.

1-7-2024, திங்கள்

இருப்பிடச் சான்றிதழுக்காக இ-சேவை மையம் போனேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த பெண், "மேடம், என்னத் தெரியுதா? செம்பியநத்தம். தண்ணிக் கொடம்" என்றாள். குருநாதன் ஐயாவின் மருமகள். பானுப்ரியா. ஊரில் பார்த்தபோது முக்காடு மாதிரி முந்தானையை இழுத்து விட்டிருந்தாள். இங்கே சுடிதார், வேகமாகத் தட்டுகிறாள். அடையாளம் தெரியவில்லை.

கூட்டமில்லை. பேசிக்கொண்டிருந்தோம். புருஷன் இளவரசன் இரண்டரை வருஷத்துக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி மோதி இறந்துவிட்டான். ஐயாவுக்கு ஒரே மகன். குழந்தை இல்லை. இவளுக்கு வயது இருபத்தேழு.

"போன ஆடிக்கு மாமா தீ மிதிக்கச் சொன்னாங்க மேடம். தாயி வழியில வந்தவ, நீதான் முன்னாடி எறங்கணும்னாங்க. எறங்குனேன். காலு பொத்துப்போயி பதினஞ்சு நாளு தரையில ஊனல."

மேசைக்குக் கீழே அவள் செருப்பைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவளைப் பெற்றவர்கள் திருமழபாடிப் பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறார்கள். அவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். "எனக்கு இஷ்டம்தான் மேடம். ரெண்டு தடவ பேசிட்டேன். நல்ல மாதிரி." ஆனால் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "தீப்பாஞ்சவ கும்புடுற வூட்டுல ரெண்டாந்தாலியாங்கறாங்க. அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? அவங்க கெட்டவங்க இல்ல மேடம். நான் வர நேரமாச்சுன்னா பஸ் ஸ்டாப்புல வந்து நின்னுக்கிட்டு இருப்பாங்க. அவங்க மனச ஒடச்சிட்டுப் போவ எனக்கு முடியல."

பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கல்லுல வேற ஒண்ணும் எழுதலையா மேடம்?"

"பாத்துக்கிட்டு இருக்கேம்மா" என்றேன்.

மூன்றாவது பொய். யாருக்கு என்ன நஷ்டம் என்று போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா. பதில் கிடைத்தது.

7-7-2024, ஞாயிறு

வீட்டில் இருக்க முடியாமல் ஏலாக்குறிச்சி பஸ்ஸில் ஏறினேன். கோயில் வாசலில் வேளாங்கண்ணி போகிற கூட்டம், மூட்டை முடிச்சோடு. உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எனக்கு மாதா மேல் நம்பிக்கையும் இல்லை, வம்பும் இல்லை. எழுத்துக்காகத்தான் வந்தேன்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்த இத்தாலிச் சாமியார்தான் எ வேறு, ஏ வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டும் கோட்டையும் சுழியையும் கொண்டுவந்தார் என்பார்கள். எங்கிருந்தோ வந்த மனுஷனுக்குத் தமிழ் படிக்கும்போது இந்தக் குழப்பம் உறுத்தியிருக்கிறது. ஒரு கோடு இழுத்தால் தீர்ந்தது. ஒரு எழுநூறு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா சாமி? என் மானம் தப்பித்திருக்கும்.

இல்லை. கல் ஒளிக்கவில்லை. தெற்குத் தெரு ஒளிக்கவில்லை. கோடு இல்லாததால் வந்த தப்பு இல்லை இது. அவசரத்தில் வந்த தப்பு. புருஷனோடு செத்தவள் என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மடை அடைத்தவள் என்றால் யார் பார்ப்பார்கள்? எனக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே படித்தேனோ?

14-7-2024, ஞாயிறு

செம்பியநத்தம் போனேன், ஐயா வீட்டுக்கு இல்லை. ஏரிக்கரை வழியாகத் தெற்குத் தெருவுக்கு. மடைக்காரர் வீடு எது என்று கேட்டேன். ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் கட்டுகிற குடும்பம். இப்போது அந்த வேலையைச் செய்வது பூங்காவனம் என்ற அம்மாள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் கேரளாவில் கொத்து வேலை. நூறு நாள் வேலைக்குப் போகாத நாளில் ஆடு மேய்க்கிறாள்.

"மடைக்காரி கல்லுன்னுதான் டீச்சர் நாங்க சொல்லுவோம். மொத மொத மடை தொறக்கயில அங்க ஒரு வெத்தல பாக்கு வச்சிட்டுத்தான் எறங்குவோம். நீங்க வந்து தீப்பாஞ்சான்னு சொன்னீங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்."

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

"என்கிட்ட அப்ப யாரும்மா சொன்னது, மடைக்காரி கல்லுன்னு?"

"நாந்தான்." சிரித்தாள். "சேப்பு பை ஒண்ணு மாட்டியிருந்தீங்க."

கல்லில் புதிதாகத் தெரிந்ததை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "அடைச்சிட்டாளா?" என்றாள். அடைத்துவிட்டாள் என்றேன். "அதான் ஊரு இருக்கு." ஆடு வேலிக்குள் நுழைந்துவிட்டது, எழுந்து போய்விட்டாள்.

அந்த நங்கை இவள் குடும்பமா? அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இனி ஒரு எழுத்துகூட ஆதாரமில்லாமல் எழுத மாட்டேன்.

21-7-2024, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நடுக்கூடம், நாற்காலி, டம்ளரில் காபி. கருங்கல் பலகை வெட்டி வந்துவிட்டது. சுவரில் சாய்த்து மேலே சாக்குப் போட்டிருந்தார்கள். மைப்படியை விரித்து எழுத்து எழுத்தாகக் காட்டினேன். தப்பு கல்லுடையது இல்லை, என்னுடையது என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள். பாதிக்கு மேல் மறந்துவிட்டது.

ஐயா மைப்படியின் ஓரத்தை விரலால் நீவினார். அப்புறம் பேசினார்.

"எட்டு வருசம் கழிச்சு வந்து சொல்றீங்க."

"ஆமாங்க."

"போஸ்டர் ஒட்டியாச்சு. ஊரே காப்புக் கட்டப் போவுது. ஆறு வருசமா தீ மிதிச்சவனெல்லாம் என் சட்டயப் புடிச்சிக் கேப்பான், யாருக்குடா மிதிச்சோம்னு."

"அதே அம்மாதாங்க. எறங்குன எடந்தான் வேற."

"எறங்குன எடம் வேறன்னா ஆளு வேறம்மா." சட்டென்று எழுந்தார். "தெக்கித் தெருவுக்கு நீங்க போனதும் எனக்குத் தெரியும். உங்க ஆளுங்களுக்கு மரியாத வாங்கிக் குடுக்கப் பாக்குறீங்க. அதானே?"

பானுப்ரியா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. நான் மைப்படியைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். காபியைக் குடிக்கவில்லை.

22-7-2024

உங்க ஆளுங்க!

எட்டு வருஷம் மேடம், மேடம். ஒரே நாள்ல உங்க ஆளுங்க. போய்யா. உன் டம்ளரை நீயே வச்சுக்க.

அழுதேன். எதுக்கு அழுதேன்னு தெரியல. என் ஆளுங்களுக்கு நான் எதையும் வாங்கிக் குடுக்கலய்யா. அவங்க சொன்னதை 'பொருத்தமில்லை'ன்னு எழுதினவ நான்.

28-7-2024, ஞாயிறு

திருத்தம் எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். 'முன்பு நான் படித்த பாடம் பிழையானது' என்ற முதல் வரிக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. 'மறுவாசிப்புக்கு உரியது' என்று போட்டேன், அடித்தேன். 'புதிய வெளிச்சத்தில்' என்று போட்டேன், அதையும் அடித்தேன். பிழை என்றால் பிழைதான். 'மடைக்காரி கல்' என்ற வழக்கைச் சொன்னவர் பூங்காவனம், செம்பியநத்தம் தெற்குத் தெரு என்று பெயர் போட்டேன். முன்பு வெளியிட்ட பேப்பருக்கே அனுப்பிவிட்டேன்.

அம்மா போன் செய்தாள். "அப்ப உன் பேரு கல்லுல வராதா?"

"வரும்மா. தப்போட வரும்."

"தப்போட எதுக்கு வரணும்?" என்றாள். பிறகு, "கூலிக்கு நட்டாலும் கோணலா நட்ட வரிசைய நான் பிடுங்கிட்டுத்தான் மறுபடி நடுவேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள். என் மேல் கோபமா, கல் மேல் கோபமா?

3-8-2024

திருத்தம் வந்துவிட்டது. ஒன்பதாம் பக்கம், பம்பு செட்டு விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரி. அன்றைக்குப் படத்தோடு அரைப் பக்கம் வந்தது.

ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர், "என்ன மேடம், எரியா ஏரியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏரி என்றேன்.

9-8-2024, ஆடி நாலாம் வெள்ளி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டேன். கூட்டத்தின் ஓரத்தில் பலூன்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கல் மேடைமேல் நின்றது. கீழே இரண்டு வரியும் சிமெண்டுக்கு மேலேயே தெரிந்தன. மூடிவிடுவார்கள் என்று பயந்திருந்தேன், மூடவில்லை. பக்கத்தில் கருங்கல் பலகை, மாலை போட்டு: 'சாத்தன் மணவாட்டி நங்கை எரி புக்கு மாண்டாள்.' என் தப்பும் என் ஊகமும் ஆழமாக, அழகாக வெட்டியிருந்தார்கள். கீழே என் பெயர். இனி எந்த மழைக்கும் அழியாது.

குழியில் கங்கு தயாராக இருந்தது. முதலில் இறங்க வேண்டியவர்களைக் கூப்பிட்டார்கள். பானுப்ரியா பெயரைச் சொன்னார்கள். அவளைக் காணவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதுதான் கரையில் இருந்து அவள் இறங்கி வந்தாள், இடுப்பில் குடம். ஆடி மாதத்தில் ஏரியில் ஏது தண்ணீர்? மதகடிப் பள்ளத்தில் கொஞ்சம் கிடக்கும். அதைப் பூங்காவனம் மொண்டு கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கலங்கல் தண்ணீர். குழிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேரே மேடைக்குப் போய்க் கல்லின் தலையில் ஊற்றினாள். எழுத்தெல்லாம் நனைந்து கறுப்பாகத் தெரிந்தது. கும்பிட்டுவிட்டு வெறுங்குடத்தோடு ஓரமாக நின்றாள்.

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த ஆளக் கூப்புடு" என்றார்.



11-8-2024, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் குருநாதன் ஐயா. தனியாக வந்திருந்தார். அரியலூரில் எங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாரோ. மணிவண்ணன் சட்டையைத் தேடி உள்ளே ஓடினார். காபி போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டு டம்ளரில். வாங்கிக் குடித்தார்.

"நேத்து போயி அந்தக் கீழ எழுத்தத் தடவிப் பாத்தேன். எழுத்துக்கூட்டி நான் படிப்பேன். பழைய எழுத்து புரியல. எனக்கு நேராச் சொல்லுங்க. அவ புருசன் செத்ததுக்காகச் சாவலையா?"

"இல்லீங்க. மடை ஒடஞ்சிருக்கு. எறங்கி அடச்சிருக்காங்க. அவ்வளவுதான் கல்லு சொல்லுது."

"அப்ப அந்தச் சாத்தன் உசிரோட இருந்தானா?"

"தெரியாதுங்க."

"பிள்ள இருந்திருக்கான்."

"இருந்திருக்காங்க. அவருக்குத்தான் நிலம் எழுதியிருக்காங்க."

"அவன் எந்த வகையறா?"

"தெரியாதுங்க."

"இப்ப எல்லாத்துக்கும் தெரியாதுங்கறீங்க."

"அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கணுங்க."

தலையாட்டினார். டம்ளரைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் புள்ள போயிடுச்சுன்னா, எளவரசன்னு ஒருத்தன் இருந்ததுக்கு அந்த வூட்டுல என்னம்மா இருக்கு? ஒரு போட்டோ. மாமான்னு கூப்புட ஆளு இல்ல. அதுக்குத்தான்… தாயி பேரச் சொன்னா கேட்டுக்கிட்டுக் கெடப்பான்னு…" முடிக்க முடியவில்லை. அழுதார். துண்டு கொண்டுவரவில்லை போல, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

 ஆறுதலாக எதையாவது ஊகித்துச் சொல்லியிருந்தால் அதுவும் தப்பாகத்தான் போயிருக்கும். மணிவண்ணன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "அன்னிக்கு ஒரு வார்த்த வுட்டுட்டேன்" என்றார்.

"ஆமாங்க. வுட்டுட்டீங்க."

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மணிவண்ணன் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

30-8-2024

நிரந்தர வேலைப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. திருத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மதிப்பெண்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். தெரியாது.

15-9-2024, ஞாயிறு

திருமழபாடி கோயிலில் பானுப்ரியா கல்யாணம். சின்னக் கூட்டம். மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டே இருந்தார், நல்ல மாதிரிதான் தெரிகிறது. கொள்ளிடத்தில் இந்த வருஷம் தண்ணீர் போகிறது.

ஐயா வந்திருந்தார். முன்வரிசைக்குக் கூப்பிட்டும் போகவில்லை, தூணோரம் நின்றார். தாலி கட்டி முடிந்ததும் பானுப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். காலில் விழுந்தாள். "மாமா" என்றாள். அவர் அட்சதையைக் கையில் இறுக்கி வைத்திருந்தார்; தூவவே மறந்துவிட்டார்.

15-12-2024, ஞாயிறு

நான்கு நாள் விடாத மழை, நேற்றுத்தான் விட்டது. காலையில் ஐயாவின் போன். "ஏரி நெறஞ்சிடுச்சு மேடம். வாங்க." அம்மா பூலாம்பாடியிலிருந்து வந்திருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கரை தொட்டுத் தண்ணீர். செம்பியநத்தம் ஏரியை இப்படி நான் பார்த்ததே இல்லை. மிச்சத் தண்ணீர் கலிங்கில் வழிந்தது. மதகைத் திறக்கிற நாள் என்பதால் பூங்காவனம் வெற்றிலை பாக்கோடு வந்திருந்தாள். எப்போதும் போல மேடைக்குக் கீழேயே நின்றாள். "மேல ஏறி வையி" என்றார் ஐயா. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஏறி வைத்துவிட்டு மதகுக்கு இறங்கிப் போனாள். வர்ற ஆடிக்குத் தீ மிதி உண்டா என்று ஐயாவைக் கேட்டேன். "பாதிப் பேரு வேணுங்கறான். மிதிக்கிறவன் மிதிக்கட்டும். எங்க வூட்லேருந்து யாரும் எறங்க மாட்டாங்க" என்றார். அவர் வீட்டில் இப்போது அவரைத் தவிர யாரும் இல்லை.

அம்மா கருங்கல் பலகை முன்னால் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எது உன் பேரு?"

விரலைப் பிடித்துக் கடைசி வரியில் வைத்தேன். மெதுவாகத் தடவினாள். பிறகு விரல் மேலே போனது, முதல் வரிக்கு. ஓரிடத்தில் நின்றது. "இங்க என்னமோ கீறியிருக்கு."

குனிந்து பார்த்தேன். 'எரி' என்ற எ-வுக்குக் கீழே, சாய்வாக, ஒரு கோடு. மற்ற எழுத்தெல்லாம் மெஷினில் வெட்டியவை. இது கையால் வெட்டியது. பொளிந்த இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

ஐயா பின்னால் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தச்சனக் கூப்புடலாம்னுதான் இருந்தேன். ஒரு கோடுதானேன்னு நானே இழுத்துப்புட்டேன். நடுவுல உளி வழுக்கிடுச்சு. சரியா வந்திருக்கா?"

'சாத்தன் மணவாட்டி நங்கை ஏரி புக்கு மாண்டாள்.' வாய்விட்டு வாசித்தேன். அம்மாவுக்காக இன்னொரு தடவை வாசித்தேன்.

கோடு கொஞ்சம் கோணல். படிக்க முடிகிறது.